மடக்கு விளி

ஒரு காரியத்தைச் செய்வதாகச் சொல்லிவிட்டுப் பிறகு இல்லை என்று ஆக்குவதற்கு நம்மூரில் இடத்துக்கு ஒரு சொல் உண்டு. சர்க்கார் செய்தால் ரத்து. கோர்ட்டில் என்றால் தள்ளுபடி. கல்யாணப் பேச்சு என்றால் முறிந்தது, ஏலம் என்றால் கலைந்தது. கிறிஸ்தவ வேதக்காரர் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும்போது எவனாவது எழும்பித் தடை சொன்னால் ஓலை நின்றது. அப்போது நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு கிடந்த காலம். கச்சேரியிலிருந்து வருகிற உத்தரவெல்லாம் மலையாளத்தில்தான் வரும். முன்னால் போட்ட ஒரு வரியைத் 'துர்ப்பலப்படுத்தி', அதாவது ரத்து செய்து, ஒருமுறை உத்தரவு வந்தது. நல்ல சேதிதான். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

ஊர் விளிக்கு இந்தச் சொல் எதுவும் ஒட்டாது. ஊரெல்லாம் கூவிச் சொன்னதைத் திருப்பி எடுத்தால் அதற்கு மடக்கு என்று பேர்.

விளிகாரன் பொன்னுலிங்கத்துக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பயம். அவனுக்குப் பயங்கள் ஏராளம். உயரம் பயம், தண்ணீர் பயம், ஊர் முதலடி வீட்டு நாய் பயம். பிறவியிலேயே அப்படி என்று நினைக்க வேண்டாம். கொட்டாரம் ஊருக்குக் கிழக்கே அவன் ஏறாத பனை கிடையாது. பனையேறுகிறவன் மரத்தைத் தொடுமுன் ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். உச்சியிலிருந்து பார்த்தால் பல வீட்டுக் கொல்லை தெரியும், ஓலை மறைவில் குளிக்கிற பெண்டுகள் துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டாமா? பொன்னுலிங்கம் சத்தம் கொடுத்தால் அடுத்த ஊர்ப் பெண்டுகளும் துணியைத் தேடுவார்கள் என்று கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட தொண்டை. ஒரு மழைநாளில் பாளை சீவும்போது கால் வழுக்கி விழுந்தான். உயிர் போகவில்லை. இடது கால் குட்டையாகிப் போனது, நெஞ்சிலே இருந்த தைரியமும் அந்தப் பனைமூட்டிலேயே சிந்திப் போனது. தொண்டை மட்டும் சேதமில்லாமல் தப்பியது.

அந்தத் தொண்டையை நம்பித்தான் ஊர் அவனுக்கு விளி வேலையைக் கொடுத்தது. பூவுக்குப் பூ, அதாவது போகந்தோறும், அறுப்பில் கொஞ்சம் நெல், திருவிழாவுக்கு ஒரு வேட்டி. தோளில் தமுக்கை மாட்டிக்கொண்டு குளத்து மடைக்குப் பக்கத்தில் பூவரச மரத்தடியில் ஒரு கல் கிடக்கிறதே, அதன்மேல் ஏறி நின்று முதல் சத்தம் கொடுக்க வேண்டும். அப்புறம் குளத்தடித் தெரு, நடுத்தெரு, வாகையடி, கடைசியாக மேட்டின்மேல் இருக்கிற மேலூர். அங்கே முடிந்தால் விளி முடிந்தது.

மடக்கு அப்படியே தலைகீழ். மேலூரில் தொடங்கி, வாகையடி, நடுத்தெரு, குளத்தடி என்று பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டு வந்து, முதலில் ஏறிய கல்லிலேயே ஏறி நின்று 'மடங்கியாச்சு' என்று சொல்ல வேண்டும். விளிக்குத் தமுக்கின் தோலில் அடி. மடக்குக்கு ஓரக்கட்டையில் அடி, டக் டக்கென்று எலும்பில் தட்டுகிற சத்தம்.

இந்த முறையில் காரணம் இல்லாமல் இல்லை. பொன்னுலிங்கத்துக்கு முன்னால் நாராயணபெருமாள் என்று ஒருவன் விளிகாரனாக இருந்தான். குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்தவன் அவன் கையில் எதையோ வைத்து அமுக்க, ஊர்ச்சனம் குளமிறங்கி மீன் பிடிக்க வேண்டிய நாளில் குளத்தடியில் மட்டும் மடக்குச் சொல்லிவிட்டு அவன் நைசாகப் போய்விட்டான். இறங்க வந்த சனம் வீட்டுக்குத் திரும்பியது, குத்தகைக்காரன் வலையைப் போட்டு வழித்துக்கொண்டு போனான். விஷயம் வெளியானதும் நாராயணபெருமாளுக்கு ஊரில் நெருப்பு தரவும் ஆள் இல்லாமல் போனது. குடும்பத்தோடு கோட்டாறுக்குப் போய் மூட்டை சுமக்கிறான் என்று கேள்வி. அன்றைக்கு ஊர் கூடிச் சொன்னது இதுதான்: மேலூரில் தொடங்காத மடக்கு மடக்கே இல்லை, அதை எவனும் கேட்க வேண்டாம். மேலூரில் தொடங்கினால் ஊர் முழுக்கக் கடந்துதானே குளத்துக்கு வர முடியும், களவு பண்ண வழியில்லை. பொன்னுலிங்கம் வேலைக்கு வந்தபோது கோயில் வாசலில் அவனிடம் அதைச் சத்தியமாக வாங்கிக்கொண்டார்கள்.

இதெல்லாம் சொல்லக் காரணம் அந்த வருஷத்துக் குளமிறக்கம். மாசியில் கும்பப்பூ அறுப்பு முடிந்து, குளம் வற்றி, நடுவில் முழங்கால் தண்ணீரும் மற்ற இடமெல்லாம் சேறுமாகக் கிடந்தது. குத்தகைக்காரன் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். மீதி ஊருக்கு. 'விடிந்தால் குளம் இறங்கலாம்' என்று பொன்னுலிங்கம் முந்தின நாள் விளித்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

அவன் பெண்டாட்டி தாணம்மாள் வாயகன்ற ஊத்தாக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு ஈர்க்கு விட்ட இடத்தைச் சிவப்புத் துணிக் கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தாள். சேற்றில் மீன் ஓடுகிற இடத்தில் அதைக் கவிழ்த்து, மேல் ஓட்டையில் கையை விட்டு மீனை எடுப்பார்கள். தாணம்மாளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இனி இல்லை என்று விட்டபிறகு உண்டான பிள்ளை.

"ஏட்டி, அது ஆருக்கு?" என்றான்.

"எனக்குத்தான். வரால் தின்னணும்போல இருக்கு. நாளைக்கு நானும் எறங்குதேன்."

"வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டுச் சேத்துல எறங்குவியா? ஒனக்குக் கிறுக்கு வந்திருக்கா?"

"ஊருக்கெல்லாம் எறங்குங்கோ எறங்குங்கோன்னு தொண்ட கிழிய விளிச்சது நீங்கதானே? எனக்கு மட்டும் மடக்கா?"

"ஆமா. ஒனக்கு மட்டும் மடக்கு."

தாணம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை. "மடக்குன்னா மேலூர்லேர்ந்து வரணும். அடுக்களையிலேர்ந்து வந்தா செல்லாது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. கோபத்தைத்தான் வெளியே காட்டினான். வாக்குவாதம் முற்றி, அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். மலைப்பக்கம் மேற்கே மின்னிக்கொண்டிருந்தது. இடவப்பாதி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு படுத்தான்.

காலையில் முதலடி வீட்டு ஆள் வந்து கூப்பிட்டான். முதலடி என்றால் ஊர்க்காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவர். அப்போது கோலப்ப பிள்ளை. பொன்னுலிங்கம் தமுக்கையும் எடுத்துக்கொண்டு போனான். தாணம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு உமிக்கரியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். போய்விட்டு வருகிறேன் என்று சொன்னான், அவள் கரியைக் காறித் துப்பினாள்.

முதலடி வீட்டு முற்றத்தில் மேல்குளத்துக் காவல்காரன் நேசையன் இடுப்புவரை சேறாக நின்றான். மூச்சு வாங்கியது. மேல்குளம் என்பது மேலூருக்கும் அப்பால் உயரத்தில் இருக்கிற பெரிய குளம். அதில் மிஞ்சுகிற தண்ணீர்தான் வாய்க்கால் வழியாக நம் குளத்துக்கு வரும்.

"ராத்திரி மலையில கொட்டித் தீத்துட்டுது ஐயா. வந்த தண்ணி பூரா மேல்குளத்துல நிக்கு. கரை கசியுது. தொடக்கத்துல பூனை மோளுத மாதிரி இருந்துது, இப்ப பசு மோளுத மாதிரி போவுது" என்றான் நேசையன்.

கோலப்ப பிள்ளை மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நேசையனை உடனே திருப்பி அனுப்பினார், கரையில் ஓலையும் மண்ணும் போட்டு அடைக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி. அப்புறம் பொன்னுலிங்கத்தைப் பார்த்தார்.

"கேட்டியாடே? மடக்கு. குளத்துல ஒரு குஞ்சு இருக்கப்பிடாது. ஓடு, மேலூர்லேர்ந்து தொடங்கு."

பொன்னுலிங்கம் நகரவில்லை. "ஐயா, சனம் பூரா விடியுமுன்னயே எறங்கியிருக்கும். நான் இந்தக் காலை வச்சுக்கிட்டு மேலூருக்கு ஏறி, அங்கேர்ந்து தெருத்தெருவாச் சுருட்டிக்கிட்டு வாறதுக்குள்ள…"

"கர ஒடைஞ்சிரும்ங்கியா?"

"நேரே குளத்துக்குப் போறேன் ஐயா."

"போனா? எவன் கேப்பான்? நாராயணபெருமாளு செஞ்சதும் இதுதானே? ஒன்னைச் சேத்துல போட்டுச் சவுட்டுவானுவோ."

"அப்ப நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

கோலப்ப பிள்ளை மறுபடி துண்டால் முகத்தைத் துடைத்தார். மீன் குத்தகைக்காரன் அவருடைய சொந்த மச்சினன். நாராயணபெருமாள் செய்த களவில் அவருக்கும் பங்கு உண்டு என்று முதுகுக்குப் பின்னால் பேசாதவர் கிடையாது. அவர் வந்து சொன்னால் ஏறப்போகிறவனும் இன்னும் ஆழத்துக்குத்தான் போவான்.

"முறைய விட்டா நாளைக்கு ஒன்னை நான் தாங்க முடியாது, கேட்டுக்கோ. ஆனா நான் ஒன்னை இங்க போ, அங்க போன்னு சொல்லல்லே. மடக்குன்னு மட்டும்தான் சொன்னேன்" என்றார். அவர் பயம் அவருக்கு.

வெளியே வந்தவன் முதலில் தன் வீட்டுக்குத்தான் ஓடினான். கதவு சாத்திக் கிடந்தது. கூப்பிட்டான், ஆள் இல்லை. தாழ்வாரத்தைப் பார்த்தான். ஊத்தாக்கூடை வைத்திருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

பனையிலிருந்து விழுந்தபோது நடுவழியில் ஒரு கணம் உடம்பெல்லாம் காலியாகிப் போனதே, அதே மாதிரி ஆயிற்று அவனுக்கு. தெருமுக்கில் வலது கைப்பக்கம் மேலூருக்கு ஏறுகிற பாதை. இடது கைப்பக்கம் குளத்துக்கு இறங்குகிற பாதை. முறை வலது பக்கம் இருந்தது. பெண்டாட்டி இடது பக்கம் இருந்தாள். கோயில் வாசலில் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. கோட்டாறில் மூட்டை சுமக்கிறவன் நினைவும் வந்தது. கால் என்னவோ அவனைக் கேட்காமல் இடது பக்கம் திரும்பிவிட்டது.

குளத்தில் திருவிழாக் கூட்டம். கிழவன், குமரி, பெண்டு, பிள்ளை எல்லாம் சேறு பூசிக்கொண்டு, இவர் யார் அவர் யார் என்று அடையாளம் தெரியவில்லை. ஒருத்தி கெளுத்தி முள்ளு குத்திக் கத்தினாள், பத்துப்பேர் சிரித்தார்கள். பொன்னுலிங்கம் பூவரச மரத்தடிக் கல்லில் ஏறி ஓரக்கட்டையில் அடித்தான்.

"கேளு ஊரே கேளு! நேத்து இட்ட விளி மடங்குது! குளம் எறங்காதே! எறங்கின காலு ஏறிக்கோ!"

கிட்டே நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கிருஷ்ணமணி என்று ஒரு நையாண்டிக்காரன், ஆள் பனை மாதிரி இருப்பான், கையில் துள்ளுகிற வராலோடு கரைக்குப் பக்கமாக வந்தான்.

"ஓய் விளிகாரரே, மேலூர் எப்போ குளத்துக்குள்ள வந்துது?"

"வெளையாட்டு இல்ல கிருஷ்ணமணி. மேல்குளத்துக் கரை கசியுது. ஒடையப் போவுது. ஏறச் சொல்லுடே எல்லாரையும்."

"கரை கசியுதா, ஒமக்கு மடி கசியுதா? குத்தகைக்காரன் எவ்வளவு தந்தான்? நாராயணபெருமாளுக்குத் தந்ததுக்குக் கூடவா, குறையவா?"

"சத்தியமா டே. நேசையன் வந்து சொல்லிட்டுப் போறான்."

"நேசையன் எங்கே? வரச்சொல்லும். முதலடி எங்கே? ஓ, அவருக்க மச்சினன் வலை நனைக்கப் போயிருக்கானோ?"

சிரிப்பு கரையெல்லாம் பரவியது. ஒருவன் சேற்றை உருட்டி எறிந்தான், அது தமுக்கின் தோலில் பட்டுத் தொப்பென்றது. அதற்கும் சிரித்தார்கள். பொன்னுலிங்கம் அதைத் துடைக்கவில்லை. அவன் கண் குளத்தின் மறுகோடிக்குப் போயிருந்தது. அங்கே, மேல்குளத்து வாய்க்கால் வந்து விழுகிற இடத்தில், கோரைக்கு நடுவில் தனியாக ஒரு பெண் குனிந்து நின்றாள். கையில் ஊத்தாக்கூடை. கூடையின் கழுத்தில் சிவப்புத் துணிக் கிழிசல் சுற்றியிருந்தது. நேற்று தாணம்மாள் கட்டிய கட்டு அது.

"ஏட்டி!" என்று கத்தினான். பனங்காட்டை எட்டுகிற தொண்டைதான். ஆனால் அந்த இரைச்சலில், எதிர்க்காற்றில், அது போய்ச் சேரவில்லை.

தண்ணீர் வந்தால் முதலில் விழுகிற இடம் அது. யாரும் சொல்ல வேண்டியதில்லை, பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பொன்னுலிங்கம் கல்லைவிட்டு இறங்கினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்துக்குள் கால் வைத்தான். விழுந்த நாளிலிருந்து கிணற்றடியில் இருந்து மொண்டு குளிக்கிறவன் அவன். சேறு குட்டைக்காலை உள்ளே இழுத்தது, நல்ல காலை ஊன்றி அதைப் பிடுங்க வேண்டியிருந்தது. பிடுங்கினால் நல்ல கால் உள்ளே போனது.

"பாருங்கடே, மடக்குச் சொன்னவரு மீன் பிடிக்கப் போறாரு" என்று கிருஷ்ணமணி பின்னாலிருந்து கூவினான்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. காலுக்கடியில் விலாங்கு ஒன்று வழுக்கிக்கொண்டு போனபோது செத்தேன் என்று நினைத்தான். ஒவ்வொரு எட்டுக்கும் வாய்க்கால் வாயைப் பார்த்தான். அங்கே கொக்குகள் நின்றன. கொக்கு நிற்கிறவரை பரவாயில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கோரையை எட்டியதும், "ஏட்டி, தாணு!" என்று அவள் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

திரும்பியது தாணம்மாள் இல்லை. அடுத்த வீட்டு முத்துக்கனி.

"என்ன கொழுந்தனாரே, பகலிலேயே ஆளு மாறிப் போச்சா?" என்று அவள் சிரித்தாள்.

"மைனி… இந்த ஊத்தா? எங்க அவ?"

"அவதான் தந்தா. ஒரு வரால் எனக்கும் கொண்டு தாங்கோன்னு சொல்லி. ஒங்களோட கோவிச்சுக்கிட்டு மேலூருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு போனா. கொழுந்தனாரே, என்ன காரியம்?"

அவனுக்குக் கண் நிறைந்தது. அப்படியே திரும்பிக் கரைக்குப் போய்விடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது, அதையும் மறைக்க வேண்டாம். அவன் தேடி வந்தது இங்கே இல்லை. மேலூர் மேடு, அவளுக்கு ஒன்றும் வராது. திரும்பினான். திரும்பிய இடத்தில் குளம் முழுக்கத் தெரிந்தது. இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் சேற்றுக்கு நடுவில் தலைகள், தலைகள். அத்தனையையும் 'இறங்கு' என்று சொல்லி இறக்கியது அவன் தொண்டை.

ஒரு கொக்கு எழும்பியது. அப்புறம் எல்லாமும் எழும்பின.

வாய்க்காலில் இதுவரை தெளிவாக ஊறிக்கொண்டிருந்த நீரில் செம்மண் நிறத்தில் ஒரு நாக்கு நீண்டு வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சாண் அகலம். ஆனால் அதோடு புதுத் தண்ணீர் வாடை வந்தது.

அப்போதுதான் அவனுக்கு அது தோன்றியது. மேலூரில் தொடங்க நேரமில்லை. சரி, குளத்துக்கு மேலூர் எது? கரையிலிருந்து பார்த்தால் கடைசி இடம் இதுதான். தண்ணீர் வரப்போகிற வாயில் நின்று எவனும் களவு மடக்குச் சொல்லமாட்டான். தமுக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஓரக்கட்டையில் அடித்தான். டக் டக் டக்.

"கேளு ஊரே கேளு! விளி மடங்குது! வாய்க்கால் வாயிலேர்ந்து மடங்குது! ஏறிக்கோ ஊரே, ஏறிக்கோ!"

"மைனி, கேள்வி கேக்காதே. அந்தப் பக்கத்துக் கரைதான் கிட்ட, ஓடு!" என்று முத்துக்கனியைத் தள்ளினான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது.

அவன் நடுக்குளத்தை நோக்கிச் சுருட்டிக்கொண்டு வந்தான். அடிப்பான், கூவுவான், காலைப் பிடுங்குவான். பக்கத்தில் நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோடியிலேர்ந்துதானே வாறான்?"

"வாறான். ஆனா மேலூர்லேர்ந்து வரல்லியே."

"ஆளப் பாருடே, பொணம் மாதிரி வெளுத்துப் போயிருக்கான்."

சிலர் கூடையைத் தூக்கிக்கொண்டு பையப் பைய நடந்தார்கள். ஆனால் ஓடவில்லை. நடுக்குளத்தில் மீன் துள்ளிக்கொண்டிருக்கும்போது யாருக்கு மனசு வரும்? மீன்களும் அன்றைக்கு என்னவோ அதிகமாகத்தான் துள்ளின. அதுகளுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. பொன்னுலிங்கத்தின் குரல் உடையத் தொடங்கியது. இனி அழுகைதான் வரும்.

அந்த நேரத்தில் காற்று ஒரு நிமிஷம் நின்றது. மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. டண் டண் டண். தமுக்கு இல்லை, வெண்கலம். ஆனால் அடி மடக்கு அடி.

கிருஷ்ணமணிதான் முதலில் கேட்டான். குனிந்தவன் நிமிர்ந்தான். சத்தம் வாகையடியிலிருந்து நடுத்தெருவுக்கு இறங்கி வந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு பெண்ணின் குரல், கிழிந்து, "விளி மடங்குது, ஏறிக்கோ ஊரே" என்று.

"எலே, மேலூர்லேர்ந்து மடக்கு வருதுலே!" என்று கிருஷ்ணமணி அலறினான். "முறையா வருது! ஓடுங்கடே!"

அதற்கு மேல் யாரும் யாரையும் கேட்கவில்லை. குளம் எழும்பி ஓடியது. கூடை, மீன், கீழே விழுந்த துண்டு எல்லாம் கிடந்தபடி கிடந்தன. பிள்ளைகளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பொன்னுலிங்கமும் ஓடினான், ஆனால் கரைக்குப் பக்கத்தில் மண் வெட்டிய பழைய கிடங்கில் குட்டைக்கால் இறங்கி இடுப்புவரை போய்விட்டது. இழுத்தான், வரவில்லை. பின்னால் பனங்காட்டில் பெருங்காற்று அடிக்கிற மாதிரி ஒரு இரைச்சல் கிளம்பியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். பனைமூட்டில் விழுந்து கிடந்தபோது வந்த மண் வாடை மூக்கில் ஏறியது.

கழுத்தில் எதுவோ வெட்டி இழுத்தது. கிருஷ்ணமணி கரையில் குப்புறக் கிடந்து தமுக்கு வாரைப் பிடித்து, கன்றுக்குட்டியை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தான். "வாரும் ஓய், வாரும்! காலை ஒதையும்!" வார் அறுந்தது. அதற்குள் பொன்னுலிங்கத்தின் கை பூவரச வேரை எட்டிவிட்டது. தமுக்கு போய்விட்டது.

தண்ணீர் வந்தது. எல்லாரும் நினைத்த மாதிரி மலைபோல வரவில்லை, சிவந்த பாயை விரித்த மாதிரி அகலமாக வந்தது. கோரை படுத்தது. இப்போதுவரை ஆட்கள் நின்ற இடமெல்லாம் ஒரே சுழிப்பு. கரையில் இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிருஷ்ணமணி இருமிக்கொண்டிருந்தான், ஒரு நையாண்டியும் வரவில்லை.

குளத்தடித் தெரு வழியாகத் தாணம்மாள் வந்தாள். இடுப்பில் அவள் அண்ணன் வீட்டு வெண்கலக் குடம், கையில் உலக்கைத் துண்டு மாதிரி ஒரு விறகுக் கட்டை. உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. நேசையன் முதலடியிடமிருந்து திரும்பி ஓடுகிற வழியில் மேலூரில் அவளைப் பார்த்துக் கரை கசிகிற விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். புருஷன் குட்டைக்காலோடு மேடேறி வருமுன் எல்லாம் முடிந்துபோகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காத்திருக்கவில்லை, குடத்தை எடுத்துவிட்டாள்.

அவனைப் பார்த்ததும் அவள் அழவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. "கல்லுல ஏறுங்கோ. முடிச்சுச் சொல்லுங்கோ. எனக்குத் தொண்ட போச்சு" என்றாள், காற்றாக.

பொன்னுலிங்கம் கல்லில் ஏறினான். குடத்தை வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டான். வாயைத் திறந்தவன் மூடிவிட்டான். மடங்கியாச்சு என்றால் போனவர்கள் எல்லாரும் திரும்பியாச்சு என்று அர்த்தம். திரும்பியாச்சா?

சிவப்புத் தண்ணீரில் சுற்றிச் சுற்றி ஒரு ஊத்தாக்கூடை வந்தது. கழுத்தில் சிவப்புத் துணிக் கிழிசல்.

"முத்துக்கனி மைனி எங்கே?" என்றான்.

ஒருத்தி அருகில் நின்ற பிள்ளையை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள். தாணம்மாள் அந்தக் கூடையைப் பார்த்தாள், அப்புறம் தன் கையைப் பார்த்தாள். நேற்று முடிச்சுப் போட்ட கை. கூடை மடைப்பக்கம் வந்து, கல்லில் முட்டி, மறுபடி விலகிப் போனது. பொன்னுலிங்கம் குடத்தை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான். 'அந்தப் பக்கத்துக் கரைதான் கிட்ட' என்று சொன்னது அவன்தான். கிட்டத்தானா? அவன் சொன்னதைக் கேட்டு அவள் ஓடினாள். சொன்னது தப்பென்றால் அதற்கு எந்த மடக்கு இருக்கிறது?

தூரத்தில், மறுகரையில், தாழம்புதருக்குப் பின்னாலிருந்து சேறு பூசிய ஓர் உருவம் நாலு காலில் ஊர்ந்து வெளியே வந்தது. எழும்பி நின்றது. முந்தானையைப் பிழிந்தது. அப்புறம் இங்கே கேட்கும்படியாகக் கத்தியது.

"ஏட்டி தாணு! ஒனக்க வரால் போச்சு! ஒனக்க மாப்பிள்ளை என்னைத் தள்ளினதுல போச்சு! கேட்டியா?"

கரையில் ஒருவன் சிரித்தான். அது விம்மலாக முடிந்தது.

பொன்னுலிங்கம் விறகுக் கட்டையால் வெண்கலத்தில் மூன்று தட்டுத் தட்டினான். அந்த மாதிரிக் குரல் அவனிடமிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மடங்கியாச்சு."

சொல்லிவிட்டு இறங்கப் பார்த்தான். கால் இறங்க மறுத்தது. முழங்கால் உயரக் கல்தான், பனை உச்சியில் நிற்கிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாணம்மாள் வந்து தோலுரிந்த கையை நீட்டினாள்.